மெஷினுக்கு ஒரு ராமா

இந்தப் பத்து நாளாக மன்னி வீட்டில் சாயங்கால விளக்கு ஏற்றுவது நான்தான். மன்னிக்கு, அதாவது என் அண்ணாவின் மனைவிக்கு, ஒரு கண்ணில் ஆபரேஷன் ஆகியிருக்கிறது. புகை படக்கூடாது, குனியக்கூடாது என்று டாக்டர் கண்டிப்பாகச் சொல்லிவிட்டார். ஸ்ரீவராகத்தில் அவர்கள் வீட்டுக்கு அடுத்த தெருவில்தான் நான் இருக்கிறேன். ஐந்தரை மணிக்குக் கை கால் கழுவிக்கொண்டு போய்த் திரி போட்டு விளக்கேற்றி வருகிறேன். பூஜை அலமாரியில் பெருமாள் படத்துக்கு வலது பக்கம் ஓர் ஆணி உண்டு. மற்ற வீடுகளில் அந்த இடத்தில் துளசி மாலை தொங்கும். மன்னி வீட்டில் இரண்டு ஹெட்செட் தொங்குகின்றன. கறுப்பு நிறம். காதுக்கு மெதுவடை மாதிரி இரண்டு தடித்த மெத்தை, வாய்ப்பக்கம் நீண்டு வரும் ஒரு கம்பி, அதன் நுனியில் நெல்லிக்காய் அளவுக்குப் பஞ்சு. ஒன்றின் மேல் குங்குமப் பொட்டு, மற்றதன் மேல் சந்தனப் பொட்டு. புதிதாக வருகிறவர்கள் கை கூப்பிக் கும்பிட்டுவிட்டு, கண்ணைத் திறந்ததும் அதைப் பார்த்துத் திகைப்பார்கள். கோயிலில் வெள்ளியில் கண்ணும் காதும் செய்து போடுகிறோமே, அது மாதிரி யாரோ காதுக்காக நேர்ந்துகொண்டது என்று நினைத்த மாமி ஒருத்தி உண்டு. மன்னி அவளிடம், "அப்படித்தான்னு வச்சுக்கோங்கோ" என்று சொல்லிவிட்டாள். யோசித்துப் பார்த்தால் அது ஒன்றும் பொய்யில்லை.

என் அண்ணா அரசாங்க ஆபீசில் டிரைவராக இருந்தவர். ஜீப் ஓட்டினார். முப்பது வருஷமும் பின்சீட்டில் ஆபீசர்கள் பேசிக்கொண்டே வருவார்கள், அண்ணா வாயைத் திறக்காமல் ஓட்டிக்கொண்டு போவார். டிரைவருக்குக் கையும் காலும் கண்ணும் மதி, அதாவது போதும், வாய் வேண்டாம் என்று அவருக்கு முதல் நாளே யாரோ சொல்லிக் கொடுத்தார்களாம். அதை அப்படியே பிடித்துக்கொண்டார். வீட்டுக்கு வந்தாலும் பேச்சு குறைவுதான். அப்பா, அம்மா, இரண்டு தம்பிகள், அவர்கள் பெண்டாட்டிமார், குழந்தைகள் என்று நாலு அறையில் பன்னிரண்டு பேர் இருந்த வீடு அது, மற்றவர்கள் தனித்தனியாகப் போனது பிற்பாடுதான். கல்யாணமாகி வந்த நாளிலிருந்து மன்னி அடுப்படியிலும் அண்ணா வாசலிலுமாக இருந்தார்கள். சாதம் போடும்போது "இன்னும் கொஞ்சம்?" என்று அவள் கேட்பாள், "மதி" என்று அவர் சொல்வார். அவர்கள் இருவரும் உட்கார்ந்து நாலு வார்த்தை சேர்ந்தாற்போல் பேசி நான் பார்த்ததில்லை. அதை ஒரு குறையாக நாங்கள் யாரும் நினைக்கவும் இல்லை. எல்லார் வீட்டிலும் அப்படித்தானே இருந்தது.

மன்னிக்கு ஒரு கஷ்டம் உண்டு. மூடின வண்டியில் ஏறினால் வாந்தி வரும். காரானாலும் பஸ்ஸானாலும் பேரூர்க்கடை தாண்டுவதற்குள் எலுமிச்சம்பழத்தை மூக்கில் வைத்தபடி சுருண்டுவிடுவாள். ஆட்டோவில் மட்டும் ஒன்றும் செய்யாது, காற்று வருமே. அண்ணா ரிட்டையர் ஆன வருஷம், அவர் பதினோரு வருஷம் ஓட்டின ஜீப்பை ஆபீசில் ஏலத்துக்கு விட்டார்கள். அண்ணா அதை எடுத்துக்கொண்டு வந்து வாசலில் நிறுத்தினார். மேலே போட்டிருந்த படுதாவைக் கழற்றி மடித்துப் பரணில் வைத்தார். நாலு பக்கமும் திறந்து, முன்னால் ஒரு கண்ணாடி மட்டும் நின்றது. தெருவே வந்து பார்த்துவிட்டுச் சிரித்தது. "ரிட்டையர் ஆனப்புறம் மனுஷாள் காசிக்குப் போவா, இவர் பழைய இரும்பை வாங்கிண்டு வந்திருக்கார்" என்று எங்காத்துக்காரரே சொன்னார். அண்ணா மன்னியைப் பார்த்து, "ஏறிப் பாரு" என்றார். கோட்டையைச் சுற்றி ஒரு வட்டம் அடித்துவிட்டு வந்தார்கள். மன்னி இறங்கி நின்று, "ஒண்ணும் பண்ணலை" என்றாள். அவள் முகத்தில் அப்படி ஒரு வெளிச்சம். அப்போதுதான் எங்களுக்குப் புரிந்தது, அந்த இரும்பு எதற்காக வந்ததென்று.

அந்தச் சமயம் அவர்கள் பெண் விதுரையில் இருந்தாள். மாப்பிள்ளைக்கு அங்கே பாங்கில் வேலை. கல்யாணமாகி ஏழு வருஷம் கழித்து அவள் உண்டாகி மூன்று மாதம் ஆகியிருந்தது. டாக்டர் கட்டிலை விட்டு இறங்கக்கூடாது என்று சொல்லிவிட்டார். அதனால் வாரத்தில் இரண்டு நாள், செவ்வாயும் வெள்ளியும், அண்ணாவும் மன்னியும் ஜீப்பில் விதுரைக்குப் போவார்கள். நானும் போவேன். என் வேலை பின்னால் உட்கார்ந்து பாத்திரங்கள் கவிழாமல் பிடித்துக்கொள்வது. மடியில் மோர்க்குழம்புத் தூக்கு, பக்கத்தில் பருப்புப் பொடி, காலுக்கு நடுவில் பால் செம்பு. நெடுமங்காடு தாண்டினால் காற்று ரப்பர்த் தோட்ட வாசனையோடு வரும். எட்டாம் கிளாஸோடு படிப்பை நிறுத்தினவள் நான், ஊரை விட்டு அதிகம் போனதும் கிடையாது. எனக்கு அந்தப் பிரயாணமே ஒரு திருவிழா மாதிரி.

ஆனால் அந்த ஜீப்பின் சத்தத்தைச் சொல்லி மாளாது. டீசல் இஞ்சின், நாலு பக்கமும் காற்று, அதோடு என் பாத்திரங்கள் வேறு. முன்சீட்டில் ஒரு முழ தூரத்தில் இருக்கிற இரண்டு பேரும் தொண்டை கிழியக் கத்த வேண்டும். மன்னிக்கோ வழியெல்லாம் சொல்ல ஏதாவது இருக்கும். "ஏன்னா!" என்று ஒரு கத்தல், அவர் "ஆங்?" என்று ஒரு கத்தல், அவள் திரும்பக் கத்துவதற்குள் பின்னால் வருகிற பஸ் ஹாரன் அடித்துவிடும்.

ஒரு வெள்ளிக்கிழமை கிழக்கேகோட்டை சிக்னலில் அந்தக் காரியம் நடந்தது. இரண்டு நாளாக அண்ணாவுக்கு வயிறு சரியாகப் போகவில்லை. மன்னிக்கு அதே கவலை. ஜீப் சிக்னலை நெருங்கும்போது அவள் தன் முழு பலத்தையும் சேர்த்து, "ஏன்னா! காலம்பற வயிறு போச்சோ?" என்று கேட்டாள். அண்ணாவுக்கு ஆபீஸ் பழக்கம் ஒன்று உண்டு. சிவப்பு விளக்கைக் கண்டால் உடனே இஞ்சினை அணைத்துவிடுவார், டீசல் மிச்சம். அவர் சாவியைத் திருப்பியதும், மன்னியின் கேள்வியின் பின்பாதி வெளியே வந்ததும் ஒரே நேரம். திடீரென்று ஜங்ஷனே அமைதியாகிவிட்டது மாதிரி இருந்தது. அந்த அமைதியில் "வயிறு போச்சோ?" மட்டும் தனியாக நின்றது. பக்கத்தில் நின்ற பஸ்ஸிலிருந்து ஒருவர் தலையை நீட்டி, "போயி மாமீ, நல்லவண்ணம் போயி!" என்றார். பஸ் முழுக்கச் சிரிப்பு. எனக்கும் சிரிப்பு வந்துவிட்டது, பெருமாள் மன்னிக்கட்டும், மோர்க்குழம்பு புடவையில் சிந்துகிற அளவுக்குச் சிரித்தேன். மன்னி தலைப்பை இழுத்து முகத்தை மூடிக்கொண்டவள் விதுரை போய்ச் சேரும் வரைக்கும் எடுக்கவில்லை.

அடுத்த செவ்வாய்க்கிழமை மன்னி ஜீப்பில் ஏறவில்லை. "நான் வரலை. நீங்க ரெண்டு பேரும் போயிட்டு வாங்கோ" என்றாள். வாயை மூடிக்கொண்டு வந்தால் மதியே என்றார் அண்ணா. மன்னி வத்தல் காய வைத்துக்கொண்டே சொன்னாள்: "முப்பது வருஷமா வாயை மூடிண்டுதான் இருந்தேன். வண்டியிலேயும் மூடிண்டு வரணும்னா ஆத்திலேயே மூடிண்டு இருந்துக்கறேன்." கோபமாகக்கூட இல்லை, சாதாரணமாகத்தான் சொன்னாள். அண்ணா போய் வண்டியைத் துடைக்க ஆரம்பித்தார். துடைத்த இடத்தையே துடைத்துக்கொண்டிருந்தார். வெள்ளிக்கிழமையும் மன்னி வரவில்லை. பெண் கட்டிலில் படுத்தபடி என் கையைப் பிடித்துக்கொண்டு, "அம்மாவுக்கு உடம்பு சரியில்லையா அத்தை? எங்கிட்ட மறைக்கறேளா?" என்று அழுதாள். அந்த நிலைமையில் அழக்கூடாது என்று டாக்டர் சொல்லியிருந்தார். திரும்பி வரும்போது அண்ணா என்னைப் பார்க்காமலே சொன்னார்: "வண்டியிலே பேசறதுக்கு ஏதாவது வழி இருக்கும். பிளேன்லே பேசறாளே."

அன்றிலிருந்து ஆராய்ச்சி ஆரம்பமாயிற்று. முதலில் என் பிள்ளை தன் காதில் சொருகிக்கொள்ளும் சின்னக் குமிழ்களைக் கொடுத்தான். இரண்டு போனிலும் மாட்டி, ஒருவரை ஒருவர் கூப்பிட்டுப் பேசலாம் என்றான். அண்ணா மட்டும் ஒரு தடவை ஓட்டிப் பார்த்தார். சங்குமுகம் கடற்கரையில் காதை வைத்தது மாதிரி கடல் சத்தம்தான் கேட்டதாம். அதோடு மலைப்பக்கம் போனால் போனே எடுக்காது. இரண்டாவது, மோட்டார் சைக்கிள்காரர்கள் ஹெல்மெட்டுக்குள் ஒட்டிக்கொள்ளும் ஒரு சாமான். அதைத் தபாலில் வரவழைத்தார். ஜீப்பில் எங்கே ஹெல்மெட்? அண்ணா யோசித்து, தன் குரங்குக் குல்லாய்க்குள் அதை வைத்து ஊசி நூலால் தைத்தார். சித்திரை மாத வெயில். கம்பளிக் குல்லாயைப் போட்டுக்கொண்டு வழயிலையில் டீக்கடையில் நிறுத்தினபோது, "ஸ்வாமீ, பொன்முடியில் இப்போ ஐஸ் விழுகிறதோ?" என்று கடைக்காரர் கேட்டாராம். அண்ணா குல்லாயைக் கழற்றிப் பையில் போட்டுக்கொண்டு வந்துவிட்டார். மன்னி அதைக் கேட்டுவிட்டு, இரண்டு வாரத்தில் முதல் தடவையாகச் சிரித்தாள். சிரித்தது அண்ணாவுக்குத் தைரியமாகிவிட்டது. "நீயும் கடைக்கு வா. உன் காதுக்குத்தானே வேணும்" என்றார்.

சாலைக் கடைத்தெருவில் ஹெல்மெட்டும் வண்டிச் சாமானும் விற்கிற ஒரு கடை. முதலாளி நாகர்கோவில் பக்கத்துக்காரர், வழுக்கைத் தலை, வாய் நிறைய வெற்றிலை. மூன்று பேரும் போய் நின்றதும் அவர் எங்களைப் பிள்ளையார் பிரதிஷ்டைக்கு வசூலுக்கு வந்தவர்கள் என்று நினைத்திருக்க வேண்டும், கல்லாப் பக்கம் கை போயிற்று. அண்ணா விஷயத்தைச் சொன்னார். அவர் வெற்றிலையைத் துப்பிவிட்டு வந்து சந்தோஷமாக உட்கார்ந்தார். "சாமி, முப்பது வருசமா கடை வச்சிருக்கேன், பொண்டாட்டிகிட்ட பேசணும்னு ஒருத்தரு வந்து கேக்கது இப்பதான். எல்லாவனும் பேசாம இருக்கதுக்கு என்ன இருக்குன்னுதான் கேப்பான்" என்றார்.

அவர் எடுத்து வைத்த முதல் ஹெட்செட் காதை இறுக்கிப் பிடித்தது. சத்தம் உள்ளே வராமலிருக்க அப்படித்தான் பிடிக்க வேண்டுமாம். ஆனால் மன்னியின் காதில் எட்டுக்கல் தோடு. அதன் மேல் அந்த மெத்தை அழுத்த, அவள் ஐயோ என்று எடுத்துவிட்டாள். "தோட்டைக் கழத்தி வச்சிரலாம்லா மாமி?" என்றார் கடைக்காரர். அவர் வாயிலிருந்து அது வந்ததுமே அண்ணா, "அது கழத்தறதில்லை" என்று சொல்லிவிட்டார். இரண்டாவது தலைக்கு மேலே வளைந்து போகிற பட்டை. அன்றைக்குக் கோயிலில் கொடுத்த பூவை மன்னி வைத்திருந்தாள், பட்டை நேரே அதன் மேல் உட்கார்ந்தது. மூன்றாவதுதான் இது. பட்டை பின்னங்கழுத்தோடு போகும். மெத்தைக்கு நடுவில் நல்ல ஆழம், தோடு உள்ளே சுகமாக உட்கார்ந்துகொண்டது. கடைக்காரர் இதைச் சோதிக்க வேண்டுமே என்று தன் மோட்டார் சைக்கிளைக் கடை வாசலில் நிறுத்தி முறுக்கு முறுக்கென்று முறுக்கினார். புகை மண்டியது, பக்கத்து ஜவுளிக்கடைக்காரர் சண்டைக்கு வந்தார். அந்த அமர்க்களத்தில் அண்ணா ஏதோ சொல்ல, மன்னி புருவத்தை உயர்த்தி, "நன்னாக் கேக்கறதே!" என்றாள்.

அப்போதுதான் ஒரு சங்கடம். வாய்க்கு முன்னால் வருகிற பஞ்சு உதட்டை ஒட்டி இருக்க வேண்டும், ஒரு விரல் தள்ளினாலும் காற்றைப் பேச்சு என்று எடுத்துக்கொள்ளும். அதைக் காட்டுவதற்காகக் கடைக்காரர் அண்ணாவின் ஹெட்செட்டை வாங்கித் தன் வெற்றிலை வாயில் வைத்து, "இந்தா, இப்படி" என்றார். மன்னியின் முகம் போன போக்கு! "எச்சில்!" என்று அவள் வாய்க்குள் சொன்னாள், ஆனால் சொன்னது மைக்கில் போய் அவர் காதிலேயே விழுந்துவிட்டது. கடைக்காரர் கோபித்துக்கொள்ளவில்லை. விழுந்து விழுந்து சிரித்தார். "மன்னிக்கணும் மாமி, பெட்டி பிரிக்காத புதுசு தாரேன். பஞ்சும் நாலு கூடத் தாரேன், கழுவிக் கழுவிப் போட்டுக்கிடுங்க." வீட்டுக்கு வந்ததும் மன்னி முதலில் செய்தது அந்தப் பொட்டுகளை வைத்ததுதான். குங்குமம் அவளுக்கு, சந்தனம் அண்ணாவுக்கு. மாறிவிடக்கூடாதே.

பணம் கொடுப்பதற்கு முன்னால் கடைக்காரர் இன்னொன்று சொன்னார். இதே செட்டில் நாலு பேர் வரைக்கும் சேர்த்துக்கொள்ளலாம், பின்னால் உட்காருகிற மாமிக்கும் ஒன்று எடுத்துக்கொள்ளுங்கள் என்று. "பின்னே? இவ பாவம், பின்னாலே தனியா உக்காந்துண்டு வரா. மூணாக் கொடுங்கோ" என்றார் அண்ணா. அவருக்கு எப்போதும் அந்தக் குணம், எனக்குக் கொடுக்காமல் ஒன்றும் வாங்கிக்கொள்ள மாட்டார். நான் மன்னியைப் பார்த்தேன். அவள் வேண்டாம் என்று சொல்லவில்லை, சொல்லக்கூடியவளும் இல்லை. தன் கையிலிருந்த ஹெட்செட்டின் கம்பியைப் புடவைத் தலைப்பால் துடைத்துக்கொண்டே இருந்தாள். பன்னிரண்டு பேருக்கு நடுவில் முப்பது வருஷம் இருந்தவள். அந்த ஜீப்பின் முன்சீட்டு ஒன்றுதான் அவர்களுக்கென்று கிடைத்த அறை என்று எனக்கு அந்த நிமிஷம் யாரோ காதில் சொன்னது போல இருந்தது. "எனக்கு வேண்டாம் அண்ணா. காதை மூடினா எனக்குத் தலை சுத்தும்" என்றேன். பொய்தான். எனக்கு அப்படியொன்றும் சுற்றாது. மன்னி நிமிர்ந்து ஒரு தரம் பார்த்தாள், அவ்வளவுதான்.

செவ்வாய்க்கிழமை காலையில் மன்னி ஜீப்பில் ஏறினாள். பயணம் கிளம்பினால் பகவான் நாமத்தை ஒருவர் விட்டு ஒருவர் சொல்வது எங்கள் வீட்டு வழக்கம். அண்ணா ஒரு நாமம் சொல்ல வேண்டும், மன்னி அடுத்தது. தம்பானூர் வரைக்கும் இரண்டு தலையும் ஆடிக்கொண்டே போயின. பேரூர்க்கடையில் அண்ணா வண்டியை ஓரம் கட்டினார். மன்னி அழாத குறையாகச் சொன்னாள்: "இது ஆகாது. ஒரு நாமமும் முழுசா வரலை. நாராயணான்னு சொன்னா யணான்னு வரது. பெருமாளைத் தலையில்லாமக் கூப்பிட்டா நன்னாவா இருக்கும்? பிள்ளைத்தாச்சியைப் பாக்கப் போறச்சே அபசாரம்."

அங்கேயே நின்று கடைக்காரருக்குப் போன் போட்டார் அண்ணா. எல்லாருக்கும் கேட்கும்படி வைத்தார். "சாமி, அதைச் சொல்ல விட்டுப் போச்சு" என்றார் அவர். "மைக்கு தூங்கிக்கிட்டுதான் கெடக்கும். நீங்க பேசினாத்தான் முழிக்கும். முழிக்கதுக்கு ஒரு நொடி ஆகும், அந்த நொடியில சொல்லுகது போயிரும். எப்பவும் முழிச்சே இருக்கட்டும்னு வச்சா காத்தும் இஞ்சின் சத்தமும் உள்ள ஏறிக்கிடும். ஒரு அலோவைச் சொல்லி எழுப்பிட்டு அப்புறம் பேசுங்க." அண்ணா ஹலோ சொல்லிப் பார்த்தார். மன்னிக்குப் பிடிக்கவில்லை. "கட்டின ஆம்படையானை ஹலோங்கறதாவது!" ஏன்னா என்று எழுப்பிப் பார்த்தாள். மெஷின் அதை முழுங்கிவிட்டது, அண்ணாவுக்குப் பாதியில் ஆரம்பித்த பேச்சு மாதிரி கேட்டது. மன்னி சற்று யோசித்து, "ராமான்னு சொல்லி எழுப்பறேன்" என்றாள். "அதுவும் பாதி போயிடுமே. ராமனை மெஷின் முழுங்கலாமோ?" என்றார் அண்ணா. மன்னி உடனே சொன்னாள்: "ரெண்டு தடவை சொல்லுங்கோ. ஒண்ணு மெஷினுக்கு, ஒண்ணு எனக்கு. அதுவும் நம்மோட உழைக்கறது, அதுக்கும் கொஞ்சம் புண்ணியம் சேரட்டும்."

அன்றிலிருந்து அந்த ஜீப்பில் எந்தப் பேச்சும் ராம ராம என்றுதான் ஆரம்பிக்கும். ராம ராம, முன்னாலே பசுமாடு. ராம ராம, தண்ணி வேணுமோ. ராம ராம, அந்த லாரிக்காரனுக்கு வழி விடாதேங்கோ. மணை போட்டு உட்கார்ந்து ஜபம் செய்கிற பொறுமை அண்ணாவுக்கு என்றைக்குமே கிடையாது. இரண்டு நிமிஷத்தில் எழுந்துவிடுவார். அவரை விதுரை போய் வருவதற்குள் ஆயிரம் தடவை ராம நாமம் சொல்ல வைத்துவிட்டான் பகவான். யாரை எந்த வழியில் பிடிக்க வேண்டும் என்று அவனுக்குத் தெரியும்.

பின்னால் உட்கார்ந்திருந்த எனக்கு ஒன்றும் கேட்காது. இரண்டு பேரின் தாடையும் அசைவது தெரியும். முதலில் இரண்டு சின்ன அசைவு, அது ராம ராம. பிறகு நீளமாக ஏதோ. ஆச்சரியம் என்னவென்றால், அசைந்தது பெரும்பாலும் அண்ணாவின் தாடை. மதி என்பதற்கு மேல் பேசாத என் அண்ணா வழி நெடுகப் பேசிக்கொண்டே போனார். மன்னியின் தோள் குலுங்கும், தலையைப் பின்னால் சாய்த்துச் சிரிப்பாள், சில சமயம் அவர் கையில் ஒரு அடி வைப்பாள். ஒரு தடவை சிரிப்பு தாங்காமல் எலுமிச்சம்பழத்தைக் கீழே போட்டுவிட்டாள், அது என் காலடிக்கு உருண்டு வந்தது. எனக்குக் கொஞ்சம் பொறாமையாகக்கூட இருந்தது என்று சொன்னால் பெருமாள் கோபித்துக்கொள்ள மாட்டார். இறங்கினதும் "என்ன மன்னி அப்படிச் சிரிச்சேள்?" என்று கேட்பேன். "ஒண்ணுமில்லைடீ, ரோட்டைப் பத்தி" என்பாள். அண்ணாவைக் கேட்டால் பாத்திரத்தை இறக்குகிறாரோ இல்லையோ, பழைய ஊமையாகிவிடுவார். நானும் அதற்கு மேல் வற்புறுத்திக் கேட்டதில்லை. நானே வேண்டாம் என்று விட்டுக்கொடுத்ததை எட்டிப் பார்ப்பது சரியில்லை.

பெண்ணுக்குப் பெருமாள் கிருபையில் சுகப்பிரசவமாயிற்று. பெண் குழந்தை. அந்தக் குழந்தையும் ஜீப்பில் மன்னி மடியில் உட்கார்ந்து வளர்ந்தது. பேச்சு என்றாலே ராம ராம என்றுதான் ஆரம்பிக்க வேண்டும் என்று நினைத்துக்கொண்டது. பள்ளிக்கூடத்தில் முதல் நாள் பெயர் கூப்பிட்டபோது எழுந்து நின்று, "ராம ராம, பிரசன்ட் டீச்சர்" என்று சொல்லியிருக்கிறது. மன்னிக்கும் அது நின்றபாடில்லை. காய்கறிக்காரியிடம் "ராம ராம, வெண்டைக்காய் முத்தலோ?" என்பாள். பெரிய பக்தை என்று தெருவில் பெயர். பக்தைதான், ஆனால் காரணம் எங்களுக்குத்தானே தெரியும்.

அண்ணா போய் ஒரு வருஷத்துக்கு மேலாகிறது. காலையில் காப்பி குடித்துவிட்டு, வண்டிக்குத் தண்ணீர் ஊற்ற வேண்டும் என்று எழுந்தவர், வாசற்படியில் உட்கார்ந்தார், அவ்வளவுதான். கஷ்டப்படாத முடிவு. தான் போன பிறகும் தோட்டைக் கழற்றக்கூடாது என்று மன்னியிடம் எப்போதோ சொல்லி வைத்திருந்தாராம், அவளும் கழற்றவில்லை. ஜீப்பைக் கல்லாற்றில் ஒருவர் வாங்கிக்கொண்டு போனார். மலை பார்க்க வருகிறவர்களை ஏற்றுகிறார். மஞ்சள் பெயிண்ட் அடித்து அழகாகத்தான் வைத்திருக்கிறார் என்று கேள்வி. ஹெட்செட்டைக் கேட்டபோது மட்டும் மன்னி, "அது வண்டியோட சேர்ந்ததில்லை" என்று சொல்லிவிட்டாள். பஞ்சைக் கழுவிப் பொட்டு வைத்து அந்த ஆணியில் மாட்டினாள்.

போன செவ்வாய்க்கிழமை கண்ணைக் காட்டுவதற்கு ஆஸ்பத்திரிக்கு மன்னியை நான்தான் அழைத்துக்கொண்டு போனேன். அவளுக்கு மூடின வண்டி ஆகாதே, ஆட்டோதான். நல்ல கிழட்டு ஆட்டோ, தகரமெல்லாம் அடித்துக்கொண்டது. தெரு முனை திரும்பினதும் மன்னி மடியிலிருந்த பையைத் திறந்தாள். மேலே ஆஸ்பத்திரிச் சீட்டு, அடியில் இரண்டு ஹெட்செட். "ராத்திரியே சார்ஜுக்குப் போட்டேன்" என்றாள். கறுப்புக் கண்ணாடிக்கு மேல் தன்னுடையதை மாட்டிக்கொண்டாள். சந்தனப் பொட்டு வைத்ததை என் பக்கம் நீட்டினாள். எனக்குக் கை வரவில்லை. அண்ணாவுடையது. "பஞ்சு புதுசுதான், எச்சில் இல்லை" என்றாள் மன்னி, நான் தயங்குவது அதற்காக என்று நினைத்து. அவளே என் கழுத்துக்குப் பின்னால் பட்டையைப் போட்டு, இரண்டு காதிலும் மெத்தையைச் சரியாக வைத்தாள். ஆட்டோக்காரர் கண்ணாடியில் பார்த்துவிட்டு, "அம்மே, ஆஸ்பத்திரிக்கா, ஏர்போர்ட்டுக்கா?" என்று கேட்டது வாயசைவில் தெரிந்தது. தகரச் சத்தம் சட்டென்று எங்கேயோ தூரத்துக்குப் போய்விட்டது. அந்த நிசப்தத்தில் மன்னியின் குரல் எனக்குள்ளேயிருந்து வருவது போல வந்தது.

"ராம ராம, கேக்கறதோ?"

"கேக்கறது மன்னி" என்றேன். அவள் இல்லை என்று தலையை ஆட்டினாள். மெஷினுக்குக் கொடுக்க மறந்துவிட்டேன். "ராம ராம, கேக்கறது மன்னி."

"ராம ராம, அன்னிக்குக் கடையிலே தலை சுத்தும்னு சொன்னியே, பொய்தானே?" நான் தலையைத் திருப்பி ரோட்டைப் பார்த்தேன். "ராம ராம, எனக்கு அப்பவே தெரியும். அவர் என்ன பேசினார்னு கேட்டுண்டே இருப்பியே. இப்பச் சொல்றேன், யாருகிட்டயும் சொல்லப்படாது. முப்பது வருஷமா பின்சீட்டிலே ஆபீசர்மார் பேசினதெல்லாம் அவர் காதிலே விழுந்துண்டே இருந்திருக்கு. ஒண்ணைக்கூட மறக்கலை. ஆத்திலே எப்படிச் சொல்லறது, இத்தனை பேர் இருக்கச்சே? வண்டியிலே வச்சு எனக்கு மட்டும் சொன்னார்." ஆட்டோ ஒரு பள்ளத்தில் குதித்து எழுந்த பிறகு மறுபடி ஆரம்பித்தாள். "ராம ராம, ஒரு பெரிய ஆபீசர், மீசையும் அதிகாரமுமா இருப்பார். அவாத்து மாமிக்குப் பயந்துண்டு, தினம் தெரு முனையிலே வண்டியை நிறுத்தச் சொல்லி, மீசையைச் சீப்பாலே கீழே வாரி விட்டுண்டுதான் ஆத்துக்குள்ளே போவாராம்…"

நான் சிரித்த சிரிப்பில் ஆட்டோக்காரர் வண்டியின் வேகத்தைக் குறைத்துத் திரும்பிப் பார்த்தார். அண்ணாவின் குரலை மன்னி அப்படியே பிடித்து வைத்திருந்தாள், எந்த இடத்தில் அவர் நிறுத்துவார், எந்த இடத்தில் இழுப்பார் என்பது உட்பட. ஆஸ்பத்திரி வாசல் வந்ததும் எங்கள் இருவருக்கும் இறங்க மனசில்லை. இன்னும் எவ்வளவு இருக்கு என்று கேட்டேன். "முப்பது வருஷம் இருக்கு" என்றாள் மன்னி. அடுத்த மாதம் மறு கண்ணுக்கு ஆபரேஷன். அதற்கு எத்தனை தடவை போக வர வேண்டியிருக்கும் என்று நான் இப்போதே விரல் விட்டு எண்ணிக்கொண்டிருக்கிறேன்.

இன்றைக்கு விளக்கேற்றும்போது பார்த்தேன், ஆணியில் தொங்கின ஹெட்செட்டில் சந்தனப் பொட்டு என் கை பட்டு அழிந்திருந்தது. இனிமேல் நான்தானே போட்டுக்கொள்ளப் போகிறேன், குங்குமமாகவே வைத்துவிடலாமா என்று ஒரு நிமிஷம் யோசித்தேன். பிறகு கல்லில் கொஞ்சம் சந்தனம் அரைத்து, பழைய பொட்டு இருந்த இடத்திலேயே வைத்தேன்.